ஜெல் பாலிஷா, சாதா பாலிஷா: கோளாறு குப்பியிலா, பூசும் கையிலா?

கரைப்பான்:
வீட்டில் நகத்தில் பூச சாதா பாலிஷே போதும் என்பது என் கட்சி. அதில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் ஏற்கெனவே முழுமையான பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு. அதைக் கரைத்து வைத்திருக்கும் எத்தில் அசிட்டேட்டும் பியூட்டில் அசிட்டேட்டும் ஆவியானதும் படலமாகத் தங்கிவிடும், அவ்வளவுதான். ஜெல்லில் அக்ரிலேட்டுகள் என்ற சிறு மூலக்கூறுகள் திரவமாக வந்து, புற ஊதா (UV) விளக்கொளி பட்டு நகத்தின் மேல்தான் இறுகுகின்றன. இறுகாத மிச்சம் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். முக்கியக் குற்றவாளி ஹெமா (HEMA) என்ற அக்ரிலேட். வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கும் பசையிலும் இதே குடும்பத்து அக்ரிலேட்டுகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

தூரிகை:
அப்படியானால் கோளாறு ஜெல்லில் இல்லை, இறுகாத ஜெல்லில். அது தடுக்கக்கூடியது. கோட்டிங் மெல்லியதாக இருக்கணும். தோலுக்கும் ஜெல்லுக்கும் நடுவே ஒரு மி.மீ. இடைவெளி விடணும். வழிந்துவிட்டால் விளக்கில் வைக்கும் முன்பே குச்சியால் துடைச்சிடணும். கறுப்பு, வெள்ளை மாதிரி அடர்ந்த நிறமிகள் ஒளியை உள்ளே விடாது. தடியாகப் பூசினால் மேலே இறுகி அடியில் ஈரமாக நிற்கும், மேல்பரப்பு சுருங்கிப் போவது அதன் அடையாளம். கட்டை விரல் மற்ற நான்கோடு விளக்குக்குள் போகும்போது பக்கவாட்டில் சாய்ந்துவிடும், நகத்தின் ஒரு ஓரத்துக்கு ஒளி சரியாகக் கிடைக்காது. அதைத் தனியாக வைக்கணும். ஜெல்லும் விளக்கும் ஒரே பிராண்டாக இருப்பது நல்லது.

கரைப்பான்:
நீங்க சொல்ற கவனம் பயிற்சி உள்ளவங்களுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் கொண்டுவந்த விதியில், நகப்பூச்சில் ஹெமாவைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்தலாம் என்று வைத்ததே அதனால்தானே? ஜெல்லில் ஒளியைப் பிடித்து இறுகும் வினையைத் தொடங்கும் டிபிஓ-வையும் (TPO) 2025 செப்டம்பரில் தடை செய்துவிட்டார்கள்.

தூரிகை:
ஹெமா விஷயத்தில் ஒத்துக்கறேன். டிபிஓ கதை வேறு. விலங்குகளுக்கு வாய்வழி கொடுத்த சோதனைகளை வைத்து, இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் பொருள் என்று வகைப்படுத்தினார்கள், தடை அதன் தொடர்ச்சி. நகத்தில் பூசி யாருக்கோ கெடுதல் வந்ததால் அல்ல. சாதா பாலிஷும் அப்பாவி இல்லை. குப்பியில் '3-ஃப்ரீ' என்று போட்டிருந்தால் டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டில் தாலேட் மூன்றும் இல்லை என்று பொருள். '10-ஃப்ரீ' பட்டியலுக்குப் பொது வரையறையே கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த பத்தை எண்ணிக்கொள்ளும். தாலேட்டை எடுத்த இடத்தில் பல கம்பெனிகள் ட்ரைஃபினைல் பாஸ்பேட் என்ற வேறொரு வேதிப்பொருளைப் போட்டன. முன்பக்க எண்ணை விட்டுட்டு, பின்பக்கப் பொருள் பட்டியலைப் படிங்க.

நகக்கண்:
இடையில் ஒரு சந்தேகம். கெட்டியான சாதா பாலிஷில் ரிமூவர் ஊற்றலாமா? ஜெல்லை எப்படி எடுப்பது?

கரைப்பான்:
ரிமூவர் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் அசிட்டோன் பாலிஷின் கரைப்பான் அளவைக் குலைத்துவிடும், பூசியது சீராகப் பரவாது. அசிட்டேட் கலந்த தின்னர் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்க. குலுக்கினால் காற்றுக்குமிழ் வரும்.

தூரிகை:
ஜெல்லை உரிக்கக் கூடாது, நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்துவிடும். மேல் பளபளப்பை அரத்தால் தேய்த்து, அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்து ஃபாயில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்க. மரக்குச்சியால் தள்ளினால் அசையவில்லையா, சுரண்டாமல் இன்னும் 5 நிமிடம் சுற்றி வைங்க. ஹார்டு ஜெல் என்ற கெட்டி வகை அசிட்டோனில் கரையாது, அதை அரத்தால்தான் எடுக்கணும்.

கரைப்பான்:
நகத்தைச் சுற்றி அரிப்போ, சிவப்போ, தோல் வெடிப்போ தெரிந்தால் பிராண்டை மாற்றிப் பார்க்கக் கூடாது என்பதையாவது நீங்க மறுக்க மாட்டீங்கன்னு நம்பறேன்.

தூரிகை:
மறுக்கல. அப்போ ஜெல்லை அடியோடு நிறுத்தணும். 'ஹெமா இல்லாத' ஜெல்லுக்கு மாறினாலும் அதில் வேறு அக்ரிலேட் இருக்கும், அதுவும் ஒத்துக்காமல் போகலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருட்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) எடுத்து, எந்த அக்ரிலேட் என்று தெரிஞ்சுக்கணும்.