புதுப்பிப்பு: நிலக்கரிச் சுரங்கத்தின் மேலே வெடிவைப்பு – கூரை அதிர்வு குறைந்தது

திறந்தவெளிக் குழியில் வைக்கும் வெடியால் அடியிலுள்ள நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை அதிர்வதைக் குறைக்க வழி கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, ஒரே தாமதத்தில், அதாவது ஒரே கணத்தில், வெடிக்கும் வெடிமருந்தின் எடையைக் குறைக்கச் சொன்ன யோசனைதான். ஒவ்வொரு துளையிலும் மருந்தை இரண்டு அடுக்காகப் பிரித்து, நடுவே சல்லி நிரப்பி, மின்னணு டெட்டனேட்டர்களால் (குறித்த கணத்தில் மருந்தை வெடிக்கத் தூண்டும் கருவிகள்) அடுக்குகளுக்கிடையே 8 மில்லிவினாடிக்கு மேல் இடைவெளி விட்டதும், கூரையில் பதிவான உச்ச அதிர்வு வேகம் எங்கள் வரம்புக்குள் இறங்கியது. துளைகளின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்த்தது பெரிதாக உதவவில்லை. மொத்த மருந்தைவிட ஒரு தாமதத்துக்குரிய மருந்தும் தூரமுமே அதிர்வைப் பெரிதும் தீர்மானிப்பதால், அதில் வியப்பில்லை. அதிர்வை அளக்கும் ஜியோஃபோனை, கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூணில் மட்டுமன்றிக் கூரையிலும் பொருத்தச் சொன்னவரின் கணிப்பும் சரி: ஒரே வெடிக்குத் தூணைவிடக் கூரை கூடுதலாக அதிர்ந்தது.

எதிர்பாராதது வெடிப்புகை. ஆய்வுக்கு இறங்கியவர்களின் கருவி, பழைய விரிசல் ஒன்றின் அருகே கார்பன் மோனாக்சைடு காட்டியது. நிலக்கரி தானாகக் கனல்வதன் அறிகுறியோ என்று முதலில் அஞ்சினோம். காற்றோட்டத்தில் அளவு சீராக இறங்கி மறைந்து, அடுத்த வெடிக்குப் பின் மட்டுமே மீண்டும் தோன்றியதால், புகைதான் விரிசல் வழியே கசிகிறது என்று தெளிந்தது. வெடிக்கு முன் சுரங்கத்திலிருந்து அனைவரையும் வெளியேற்றுவது முன்பே நடைமுறையில் இருந்தது. இப்போது கூரை, தடுப்புச்சுவர், மீத்தேன் ஆகியவற்றோடு இந்த வாயுவையும் சோதித்த பிறகே ஆட்களை உள்ளே விடுகிறோம்.