34% காட்டும்போதே லேப்டாப் அணைந்துவிடுகிறது: பேட்டரி கேலிபரேஷன் செய்தால் சரியாகுமா?

புதுவரவு (கேள்வி):
வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 லேப்டாப், மூன்று வருடப் பழசு. பேட்டரி உள்ளேயே பொருத்தியது. சார்ஜர் இல்லாமல் ஓட்டினால் 34% வரும்போது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்துவிடுகிறது. விண்டோஸ் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்திருக்க வேண்டிய கொள்ளளவு) 50,000 மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுச் சார்ஜில் கொள்வதாகக் காட்டுவது) 41,200, சைக்கிள் கவுன்ட் (முழுச் சுற்றாகச் செலவான எண்ணிக்கை) 217. பெரும்பாலும் சார்ஜரிலேயே இருக்கும் இயந்திரம். சார்ஜ் 80% வரம்பில் நிற்கும்படி வைத்திருக்கிறேன். வரம்பை எடுத்து 100% ஏற்றிப் பார்த்தாலும் அதே 34%தான். கேலிபரேஷன், அதாவது பேட்டரியை முழுக்க ஏற்றிக் காலியாக்கிச் சதவீதக் கணக்கைத் திருத்துவது, செய்யலாமா? அதனால் பேட்டரிக்குக் கேடு வருமா?

திருப்புளி:
முதலில் பேட்டரி வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை அணைத்து மூடி, சமமான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, அழுத்த இறுக்கமாக இருக்கிறதா? அடிமூடி விளிம்பில் இடைவெளி தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் கேலிபரேஷன் பேச்சே வேண்டாம். சார்ஜ் போடுவதை அப்போதே நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். வீங்கிய பேட்டரியைக் குத்துவதோ, அமுக்கித் தட்டையாக்கப் பார்ப்பதோ தீயில் முடியும்.

வீக்கம் இல்லையென்றால் இரண்டு விவரம் சொல்லுங்கள். அணைந்த பிறகு சார்ஜர் செருகாமல் பத்து நிமிடம் விட்டு பவர் பட்டனை அழுத்தினால் என்ன ஆகிறது? லேசான வேலையிலும் கனமான வேலையிலும் ஒரே சதவீதத்தில்தான் அணைகிறதா?

புதுவரவு:
வீக்கம் இல்லை, மேசையில் ஆடாமல் உட்காருகிறது. பட்டனை அழுத்தினால் லோகோ வந்தவுடன் மறுபடி அணைகிறது. சார்ஜர் செருகித் திறந்தால் 3% காட்டுகிறது. வெறும் டைப்பிங் என்றாலும் வீடியோ எடிட்டிங் என்றாலும் 33 முதல் 35 சதவீதத்துக்குள்தான் அணைகிறது.

மின்கலன்:
அப்படியானால் பேட்டரி உண்மையாகவே காலியாகித்தான் அணைகிறது. 34% என்ற எண்தான் தப்பு. பேட்டரிக்குள் இருக்கும் செல்களில் ஒன்று மட்டும் கெட்டுப்போயிருந்தால் கனமான வேலையில் 50 சதவீதத்திலேயே அணையும், லேசான வேலையில் 20 வரைகூடத் தாங்கும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மறுபடி கிளம்பிச் சில நிமிடம் ஓடும். உங்களுக்கு அந்த அறிகுறி எதுவும் இல்லை.

எண் ஏன் தப்பாகிறது? பேட்டரிக்குள் இருக்கும் கேஜ் சிப், உள்ளே போகும் மின்னோட்டத்தையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. அதில் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பிழையைத் துடைக்க, முழுச் சார்ஜில் ஒருமுறையும் காலியான நிலையில் ஒருமுறையும், மின்னோட்டம் இல்லாத ஓய்வில் செல் வோல்டேஜை அது அளந்து பார்க்க வேண்டும். உங்கள் பேட்டரி 80% வரம்பில் நிற்பதால் மேல்முனை பெரும்பாலும் வருவதில்லை. அணைந்த கையோடு சார்ஜர் செருகினால் கீழ்முனையில் ஓய்வும் கிடைப்பதில்லை. செல் தேய்ந்துகொண்டே போக, சிப் பழைய கொள்ளளவையே நம்பிக்கொண்டிருக்கிறது.

இனி கணக்கு. 41,200-இல் 66% செலவானால் சுமார் 27,200 மில்லிவாட் அவர். உங்கள் பேட்டரி இப்போது கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். ஆகவே கேலிபரேஷன் முடிந்ததும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி ஏறாது, 28,000 அல்லது 29,000 வரை இறங்கும். இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பதற வேண்டாம்.

செய்யும் விதம்:

1. 80% வரம்பை எடுத்துவிடுங்கள். 100% ஏறியதும் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரை எடுக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். திரையில் 100 வந்த பிறகும் மின்னோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும். அது நின்று, செல்கள் அமைதியான பிறகுதான் சிப் மேல்முனையைச் சரியாகக் குறிக்கும். அறை வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி இருந்தால் நல்லது. 10-க்குக் கீழோ 40-க்கு மேலோ போனால் பல சிப்கள் அந்த அளவீட்டை ஏற்பதே இல்லை.

2. விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். ஸ்லீப்பை 'நெவர்' ஆக்குங்கள். பவர் ஆப்ஷன்ஸில் கிரிட்டிகல் பேட்டரி ஆக்‌ஷன் 'ஹைபர்னேட்' (திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) என்றே இருக்கட்டும். திரை வெளிச்சத்தை 50 சதவீதத்துக்குக் கீழே ஓரிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

3. சார்ஜரை எடுத்துவிட்டு ஒரே சீரான லேசான வேலை கொடுங்கள். வீடியோ ஒன்றை ஓடவிட்டாலே போதும். 8 வாட் செலவானால் 27 வாட் அவர் சுமார் மூன்றரை மணி நேரம் வரும். கேம் வேண்டாம். மின்னோட்டம் கூடும்போது செல்லின் உள் மின்தடையால் வோல்டேஜ் தாழ்ந்து, காலியாகும் முன்பே, இயந்திரம் அணையும் வெட்டு எல்லையைத் தொட்டுவிடும். சிப் கொள்ளளவைக் குறைத்துக் கற்றுக்கொள்ளும்.

4. உங்கள் விஷயத்தில் ஒரு மாற்றம் தேவை. 34 சதவீதத்தில் விண்டோஸ் ஓடும்போதே மின்சாரம் போனால் கோப்புகள் சிதையலாம். அதனால் 40% வந்ததும் எல்லாவற்றையும் சேமித்து மூடி, ரீஸ்டார்ட் செய்து பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் மென்பொருள்) அமைப்புத் திரைக்குப் போய் அங்கேயே அணையவிடுங்கள். அரை மணிக்குள் அணைந்துவிடும். பயாஸில் மின்சிக்கனம் பெரிதாக இல்லாததால் இயந்திரம் சற்றுச் சூடாகும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், மெத்தை மேல் வேண்டாம்.

5. அணைந்ததும் சார்ஜர் செருகாமல் ஐந்து மணி நேரம் விட்டுவிடுங்கள். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். காலியான செல்லின் வோல்டேஜ் மெல்ல மெல்ல ஏறி நிலைக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்காக நாள்கணக்கில் காலியாகப் போட்டுவைக்காதீர்கள். செல் வோல்டேஜ் மிகத் தாழ்ந்தால் உள்ளே செம்பு கரையத் தொடங்கும், அந்தக் கேட்டைத் திருப்ப முடியாது.

6. லேப்டாப் அணைந்த நிலையிலேயே இடையில் நிறுத்தாமல் 100% ஏற்றி, மறுபடி இரண்டு மணி நேரம் விடுங்கள். பிறகு புது ரிப்போர்ட் எடுங்கள்.

சில சிப்கள் முழு மாற்றத்தையும் ஒரே சுற்றில் ஏற்காது. எண் பாதிவழியில் நின்றால் இன்னொரு சுற்று போகலாம். அதற்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு சுற்றும் ஒரு முழுச் சைக்கிளைத் தின்கிறது.

நீலத்திரை:
டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தாலே சரியாகும் என்று பல இடங்களில் பார்த்தேன். இவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டுமா?

மின்கலன்:
அந்த டிரைவர், சிப் சொல்லும் எண்ணை வாங்கி விண்டோஸுக்குக் கொடுக்கும் தூதுவன் மட்டும்தான். தூதுவனை மாற்றினால் செய்தி மாறாது. 'சார்ஜர் செருகியும் ஏறவில்லை' போன்ற கோளாறில் சிலசமயம் உதவும். கொள்ளளவுக் கணக்கை அது தொடாது. பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிப்பதும் இதே வகைதான். ஃப்ரீசரில் வைக்கும் யோசனையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் படியும். குளிர்ந்த செல்லைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு.

பெங்குவின்:
லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிஸ், கிளாஸ், பவர் சப்ளை என்று போனால் பேட்டரிக்கான கோப்புறை வரும். அதில் பல இயந்திரங்களில் எனர்ஜி ஃபுல் (இப்போதைய முழுக் கொள்ளளவு), எனர்ஜி ஃபுல் டிசைன் (புதிதில் இருந்தது) இரண்டும் இருக்கும். திங்க்பேட் என்றால் டிஎல்பி என்ற மின்சிக்கனக் கருவியின் ரீகேலிபரேட் கட்டளை, சார்ஜர் செருகியிருக்கும்போதே பேட்டரியைக் காலியாக்கி மறுபடி ஏற்றிவிடும். இயந்திரம் நடுவில் அணையாது. விண்டோஸில் திங்க்பேட் வைத்திருப்பவர்கள் லெனோவோவின் வான்டேஜ் செயலியில் பேட்டரி கேஜ் ரீசெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுவரவு:
சொன்னபடியே செய்தேன். பயாஸில் 35% காட்டும்போது அணைந்தது. ஐந்து மணி நேரம் விட்டு ஏற்றினேன். இப்போது ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 28,900. அடுத்தமுறை 5% வரை ஒழுங்காக இறங்கி, எச்சரிக்கை வந்து, ஹைபர்னேட் ஆனது. நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தும் 41,200 இப்படி இறங்கியதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. கேலிபரேஷனால் எதையும் இழக்கவில்லை என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாமா?

மின்கலன்:
எடுத்துக்கொள்ளலாம். பெருக்கிப் பாருங்கள்: 28,900-இல் 95% என்றால் சுமார் 27,450. முன்பு கிடைத்தது 27,200. கையில் வரும் மின்சாரம் ஏறக்குறைய அதேதான். கூடுதலாக இப்போது அணையப்போகும் முன் எச்சரிக்கை வருகிறது, கோப்பு பிழைக்கிறது. பேட்டரியின் உண்மையான நிலை டிசைனில் 58% தான். அது கடந்த மூன்று வருடத்தில் ஆன தேய்மானம்.

80% வரம்பை மறுபடி போட்டுவிடுங்கள். எப்போதும் சார்ஜரில் இருக்கும் இயந்திரத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் கணக்கு மறுபடி நழுவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அல்லது சதவீதம் 60-இலிருந்து 45-க்குத் தாவுவது போலத் தெரிந்தால், இதே சுற்றை ஒருமுறை செய்யுங்கள். மாதாமாதம் செய்யத் தேவையில்லை.

கடற்கரைக்காற்று:
மேக்புக்குக்கும் இது வேண்டுமா?

பெங்குவின்:
வேண்டாம். உள்ளே பொருத்திய பேட்டரியைக் கேலிபரேட் செய்யத் தேவையில்லை என்பதே ஆப்பிளின் நிலை. சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் பகுதியைத் திறந்தால் சைக்கிள் கவுன்ட்டும் கண்டிஷனும் இருக்கும். அங்கே 'சர்வீஸ்' என்று வந்தால் மட்டும் கவனியுங்கள்.

திருப்புளி:
புதுவரவு, 58 சதவீதத்தில் நிற்கும் பேட்டரியை மாற்ற இப்போதே யோசிக்கத் தொடங்கலாம். வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். ஒரே மாடலில் இரண்டு செல் பேட்டரியும் மூன்று செல் பேட்டரியும் வருவதுண்டு. வோல்டேஜும் கனெக்டரும் மாறிவிடும். பேட்டரி மேலேயே ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் எழுதிக்கொண்டு, இரண்டும் பொருந்துவதையே வாங்குங்கள். அடிமூடியைத் திறந்த பிறகு, பேட்டரியின் திருகுகளைக் கழற்றுவதற்கு முன்பே மதர்போர்டில் இருக்கும் பேட்டரி கனெக்டரைப் பிரித்துவிட வேண்டும். நெம்ப பிளாஸ்டிக் துண்டு போதும், உலோகம் வேண்டாம். புதுப் பேட்டரி போட்டதும் முதல் சில நாள் எண் அங்குமிங்கும் ஆடினால், மேலே சொன்ன சுற்றை ஒருமுறை செய்துவிட்டு, அதன் பிறகு 80% வரம்பைப் போடுங்கள்.