புது பேட்டரியும் இறங்குகிறது: காயிலா, ரெக்டிஃபையரா?

வணக்கம் நண்பர்களே. காட்பாடியில் இருக்கிறோம். அப்பாவின் 150 சிசி பைக்கில் பேட்டரி நிற்பதே இல்லை. புதிதாக மாற்றியும் சில நாளில் செல்ஃப் எடுப்பதில்லை.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். வண்டி அணைந்திருக்கும்போது 12.5 வோல்ட். ஸ்டார்ட் செய்து நன்றாக முறுக்கினாலும் 12.4 தாண்டவில்லை, 14 பக்கம் வர வேண்டும் அல்லவா? ஸ்டேட்டரிலிருந்து (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் காயில்) வரும் மூன்று மஞ்சள் ஒயர்களைக் கழற்றி இரண்டிரண்டாக ஏசியில் வைத்தால், மூன்று ஜோடியிலும் ஒரே அளவு, முறுக்க முறுக்க ஏறுகிறது. எதுவும் பாடியோடு எர்த் ஆகவில்லை. ஆனால் அந்த ஏசி கரண்டை டிசியாக்கி பேட்டரிக்கு அனுப்பும் ரெக்டிஃபையரின் கப்ளரில் (ஒயர் செருகும் இணைப்பில்) ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. நம்ம ஊர் வெயிலும் காரணமோ என்னவோ.

மெக்கானிக் காயிலை மாற்றச் சொல்கிறார். காயில் நன்றாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் கப்ளரை வெட்டிவிட்டுப் புது டெர்மினல் போட்டுப் பார்க்கலாமா, ரெக்டிஃபையரையும் சேர்த்தே மாற்றிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்பா விடியற்காலை இருட்டில் பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் மார்க்கெட் போகிறவர். ஹெட்லைட் மங்குவதுதான் பெரிய கவலை. அப்புறம், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் மீட்டர் வைத்துப் பார்த்து வேலை செய்யும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.