சொந்த மகள் ஆடுகிற டீமுக்கு அப்பாவே கோச்சாக இருக்கலாமா?

மஸ்கெலியாக்காரன்:
எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனில் 14 வயதுக்குக் கீழ் உள்ள பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கரப்பந்து (வாலிபால்) பழக்குகிறேன். சம்பளம் கிடையாது. 1991இல் கரப்பந்தை இலங்கையின் தேசிய விளையாட்டு என்று அறிவித்தார்கள், சரி, எங்களுக்கு நெட்டும் பந்தும் வாங்கித் தந்தது கோவில் கமிட்டிதான். என் மகள்தான் செட்டர், மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள். பக்கத்துத் தோட்டத்தோடு ஆடித் தோற்றதிலிருந்து நாங்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரே பேச்சு, தன் பிள்ளை என்பதால் பந்தெல்லாம் அவள் கைக்கே போகிறதாம். இரண்டாவது பந்து செட்டரிடம் போகாமல் வேறு எங்கே போகும்? கொழும்புக் கடையில் வேலை செய்துவிட்டு வந்த தம்பி ஒருவன் நன்றாக ஆடுவான், அவனிடம் விடலாம் என்றால், கல்யாணமாகாத பையனிடம் எப்படி விடுவது என்று அதே ஆட்கள் கேட்கிறார்கள்.

டிக்கோயா கரப்பந்து:
அண்ணே, அந்த வயதில் ஒருத்தியை மட்டும் செட்டராக வைப்பதே அவசரம். இடம் மாறிச் சுற்றும்போது யார் 3ஆம் இடத்துக்கு, அதாவது முன்வரிசை நடுவுக்கு, வருகிறாளோ அவளே அந்த முறை செட் பண்ணட்டும். ஆறு பேரும் பழகுவார்கள், உங்கள் மகளும் மற்ற இடங்களில் நின்று அடிக்கப் பழகுவாள். ஆரம்பத்தில் தோற்பீர்கள்தான். அப்புறம் நெட்டை எவ்வளவு உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள்? பெரிய பெண்களுக்குரிய 2.24 மீட்டர் என்றால் இறக்குங்கள், சின்னப் பிள்ளைகள் அடிக்க எட்டாமல் தள்ளிவிட மட்டும்தான் பழகும்.

கொட்டகலை டீச்சர்:
அம்மாமார் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தம்பியிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும், உங்களிடமும் கேட்கலாமே, உங்கள் மகளைத் தவிர மற்றப் பிள்ளைகளுக்கு நீங்களும் வெளியாள்தான். யாராக இருந்தாலும் ஒரு பிள்ளையோடு தனியாக நிற்கக் கூடாது, கிரவுண்டில் ஒரு பெண் எப்போதும் இருக்க வேண்டும், செய்தி எதுவானாலும் அம்மாமார் இருக்கிற வாட்சப் குழுவில்தான் போட வேண்டும். ஏதாவது என்றால் அழைக்க 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுங்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற அம்மாவால் தினமும் வந்து நிற்க முடியாது, அதனால் பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகத்தில், வேலை பார்த்து ஓய்ந்த அக்கா யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

லைன் ஜட்ஜ்:
நான் பிள்ளை இல்லாத கோச், ஹட்டன் பக்கம் பையன்களைப் பழக்கினேன். யாரை இறக்கினாலும் வெளியே எடுத்தாலும் ஒருவரும் குறை சொல்லவில்லை, அதில் நிம்மதி. ஆனால் எனக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பிய மாதமே டீம் கலைந்தது, பந்து யார் வீட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அப்பாவுக்காவது பிள்ளை வளரும் வரைக்கும் ஊரில் பிடிப்பு இருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்தே செய்யுங்கள். மாட்ச் அன்று யார் ஆடுவது என்பதைத் தம்பி முடிவெடுக்கட்டும், அண்ணன் வாயைத் திறக்கவே கூடாது.

மஸ்கெலியாக்காரன்:
தம்பி சம்மதித்துவிட்டான். அக்கா ஒருவரும் வருகிறேன் என்றார், அட்டை கடிக்காத இடத்தில் நாற்காலி போட வேண்டுமாம். 3ஆம் இடத்து விஷயத்தை மகளிடம் சொன்னேன், சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஞாயிறு மழை விட்டால் நெட்டை இறக்கிக் கட்டப் போகிறோம்.