யாஹிமோவ்: டாலருக்குப் பெயர் தந்த செக் சிற்றூரில் ஒரு நாள்

கேள்வி – பயணப்பொதி

அன்பர்களுக்கு வணக்கம். வரும் செப்டம்பரில் நானும் என் துணைவியாரும் செக் நாட்டின் கார்லோவி வாரி நகருக்குச் செல்கிறோம். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே, ஜெர்மன் எல்லையை ஒட்டிய மலைப்பள்ளத்தாக்கில் உள்ள யாஹிமோவ் என்னும் சிற்றூரின் பெயரிலிருந்தே 'டாலர்' என்ற சொல் வந்தது என்று படித்ததிலிருந்து, ஒரு நாளையாவது அதற்கு ஒதுக்க வேண்டும் என்று தோன்றுகிறது. போய்வந்த நண்பர் ஒருவரோ, மேடேறும் ஒரே தெருவும் சில பழைய வீடுகளும்தான் இருக்கின்றன, வேண்டாம் என்கிறார். அந்தச் சொல்லின் கதை உண்மைதானா? அதற்கு அப்பால் அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

மறுமொழி – நாணயப்பேழை

கதை உண்மைதான். 1516ஆம் ஆண்டில் இப்பள்ளத்தாக்கில் வெள்ளி கிடைத்தபோது, இங்கு எழுந்த குடியிருப்புக்கு மரியன்னையின் தந்தையும் நம் கத்தோலிக்கர்கள் சுவக்கின் என்று அழைப்பவருமான புனிதரின் பெயரைச் சூட்டி, ஜெர்மன் மொழியில் யோஹாகிம்ஸ்தால் என்றார்கள். எல்லைக்கு அப்பால் சாக்சனியில் உள்ள சுரங்க நகருக்கு அவர் மனைவி அன்னாவின் பெயரால் அன்னாபெர்க் என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. ஊரின் உரிமையாளர்களான ஷ்லிக் பிரபுக்கள் அடித்த பெரிய வெள்ளிக்காசு 'யோஹாகிம்ஸ்தாலர்' ஆகி, சுருங்கித் 'தாலர்' ஆகி, டச்சுக்காரர் வாயில் 'டாலடர்' ஆகி, ஆங்கிலத்தில் 'டாலர்' ஆயிற்று. 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. ஆகவே தாலர் என்பதற்குப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை.

அந்தக் காசின் ஒரு புறத்தில் கையில் கோலுடன் சுவக்கின் நிற்கிறார்; மறுபுறத்தில், இவ்வூர் அடங்கிய பொஹேமியா அரசின் இரட்டை வால் சிங்கம். பழைய அரச நாணயசாலை இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே ஒரு மணி நேரமாவது செலவிடுங்கள். இன்று மூவாயிரம் பேர்கூட இல்லாத இவ்வூரில் 1530களில் ஏறத்தாழ 18,000 பேர் வாழ்ந்தார்கள் என்பதை, அந்தக் கட்டடத்தின் அளவைப் பார்க்கும்போதுதான் மனம் நம்பும். சுரங்கவியலின் தந்தை எனப்படும் அக்ரிகோலா 1527 முதல் இங்கே ஊர் மருத்துவராக இருந்தவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரத்தில் சுரங்கங்களையும் உலைகளையும் சுற்றிப் பார்த்துத் திரட்டிய அறிவே, அவர் மறைந்த மறு ஆண்டு, 1556இல், பெருநூலாக வெளிவந்தது.

மறுமொழி – வேதியியல் ஆசிரியர்

முந்தைய அன்பர் வெள்ளியோடு நிறுத்திவிட்டார். வெள்ளி குறைந்த இடங்களில் கறுப்பான, கனமான ஒரு கல் வந்தது. சுரங்கத் தொழிலாளர் அதைப் பயனற்றதென்று ஒதுக்கினார்கள். அக்கல்லின் ஜெர்மன் பெயரில் உள்ள 'பெஃக்' என்ற சொல்லுக்குத் தார் போன்ற கரும்பிசின் என்றும் கெட்ட காலம் என்றும் இரு பொருள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதிலிருந்து யுரேனியம் பிரித்தெடுத்துக் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நிறமேற்றத் தொடங்கினார்கள். எஞ்சிய சக்கையைப் பைன் காட்டில் கொட்டினார்கள். அந்தச் சக்கைதான் மூட்டை மூட்டையாகப் பாரிசுக்குச் சென்றது. மேரி கியூரி மூட்டையைப் பிரித்தபோது, பழுப்புத் தூளோடு பைன் ஊசியிலைகளும் கலந்து கிடந்தன. டன் கணக்கில் அதைக் காய்ச்சிக் கலக்கி வடித்து, 1902இல் அவர் கையில் எஞ்சியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு. இருபது ஆண்டுகளாக இப்பாடத்தை நடத்துகிறேன்; அந்த ஊசியிலைகளைச் சொல்லாமல் ஒருமுறையும் கடந்ததில்லை.

ரேடியம் சிதையும்போது உண்டாகும் கதிரியக்க வாயுவே ரேடான். அது கரைந்த ஊற்றுநீரில் குளிக்கவைக்கும் சிகிச்சை 1906இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. ஸ்வோர்னோஸ்த் சுரங்கத்தின் ஆழத்திலிருந்து ஊற்றுநீர் குழாய் வழியே வருகிறது. ரேடான் எளிதில் காற்றோடு போய்விடும் என்பதால், நீரை அலைக்காமல் தொட்டியில் நிரப்பி, 20 நிமிடம் அசையாமல் படுத்திருக்கச் சொல்வார்கள். மருத்துவர் ஆலோசனை இன்றி இறங்க வேண்டாம். 1912இல் கட்டிய ரேடியம் பேலஸ் விடுதியை வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

மறுமொழி – மலைநடை

மருத்துவக் குளியலோடும் இவ்வூரை முடித்துவிடக் கூடாது என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இம்மலையின் யுரேனியம் சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. 1949 முதல் 1961 வரை அதை வெட்டியவர்களில் பெருந்தொகையினர் முகாம்களில் அடைக்கப்பட்ட கைதிகள். கம்யூனிச ஆட்சியை எதிர்த்ததற்காகத் தண்டிக்கப்பட்ட ஆசிரியர்களும் பாதிரியார்களும் விவசாயிகளும் அவர்களில் இருந்தார்கள். முகாமிலிருந்து சுரங்கத்துக்கு நடத்திச் செல்லும்போது, அவர்களை நெருக்கமாக நிற்கவைத்து, கூட்டத்தைச் சுற்றி இரும்புக் கம்பிவடத்தை இறுக்கிப் பூட்டுவார்கள். ஒருவர் இடறினால் எல்லோரும் தடுமாற வேண்டியதுதான். அந்த முகாம்கள் இருந்த இடங்களை இணைக்கும் நடைபாதைக்கு 'யாஹிமோவ் நரகம்' என்றே பெயர். அருகில் விக்மனோவில், கைதிகள் தாதுவை அரைத்துப் பீப்பாய்களில் அடைத்த செங்கல் கோபுரம் இன்னும் நிற்கிறது. சாவின் செங்கோபுரம் என்பார்கள். 2019இல் யுனெஸ்கோ இம்மலைத்தொடரின் சுரங்கப் பகுதியை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, அக்கோபுரத்தையும் சேர்த்தே ஏற்றது.

பயணப்பொதி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. காசின் கதையைத் தேடி வந்தேன். அந்த நடைபாதையையும் கோபுரத்தையும் பார்க்காமல் திரும்பப் போவதில்லை. எந்த வரிசையில் பார்ப்பது நல்லது?

மறுமொழி – மலைநடை

குளியல் விடுதிகள் ஊரின் கீழ்முனையில் உள்ளன. அங்கிருந்து அந்த ஒற்றைத் தெரு வழியே ஏறினால் நாணயசாலையும், 1873ஆம் ஆண்டுத் தீயில் எரிந்து மீண்டும் எழுந்த தேவாலயமும், அதற்கு மேலே ஸ்வோர்னோஸ்தும் வரும். நரகப் பாதை மலைமேல் செல்வதால் நல்ல பிடிப்புள்ள காலணியும் மழையங்கியும் கொண்டுசெல்லுங்கள். கோபுரத்தை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.