மறு: 'பாட்டில்நெக்': திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

ம. எழுதியது:

நண்பர்களே, கணினியின் பாகங்களைப் பூட்டும் பயிற்சிக்கான கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் மாலை அச்சுக்குப் போகிறது. வரைகலை அட்டை, மின்வழங்கி எல்லாம் புழங்கும் சொற்கள்தாம். ஆர்டிஎக்ஸ் 4090 எனும் வேகமான வரைகலை அட்டையைப் பழைய செயலியோடு பூட்டினால், செயலி ஈடுகொடுக்காமல் அட்டையும் முழு வேகத்தில் ஓடாது. ஆங்கிலத்தில் 'பாட்டில்நெக்' (குப்பிக் கழுத்து) என்கிற இதைத் தமிழில் எப்படிச் சொல்ல? 'முட்டுக்கட்டை' என்று போட்டேன். மனம் ஒப்பவில்லை.

த. எழுதியது:

முட்டுக்கட்டை வேண்டவே வேண்டாம் ஐயா. அது தேர்ச்சக்கரத்தடியில் ஆள் பார்த்து வைப்பது. இங்கே யாரும் எதையும் வைக்கவில்லை. செயலி ஒழுங்காகத்தான் ஓடுகிறது, அட்டையின் வேகத்துக்குப் போதவில்லை, அவ்வளவே. என் பரிந்துரை 'இடுக்கண்'. இடுக்கு + கண். கண் இங்கே இடப்பொருள். துன்பம் என்பது பின்னால் ஏறிய பொருள்.

செ. எழுதியது:

அக்கா, 'உங்கள் கணினிக்கு இடுக்கண்' என்று படிக்கிற பையன் அட்டை எரிந்துபோச்சென்றே நினைப்பான். இல்லையென்றால் வள்ளுவர் பேச்சைக் கேட்டுச் சிரிப்பான். சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைகளில் போய் நின்று பாருங்கள். "ப்ராசசர் பாட்டில்நெக் ஆகுதுண்ணா" என்பார்கள். அதையே எழுதிவிட்டுப் போகலாமே.

த. எழுதியது:

கண் என்பதை விழி என்று கொண்டு, துயரில் இடுங்கும் கண் என்பாரும் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. நிற்க. 'நெக்' என்று வல்லின ஒற்றில் முடிக்காதீர்கள். 'நெக்கு' என்றால் நெக்குருகுவது. அது அடியார் வேலை, செயலி வேலையன்று.

செ. எழுதியது:

உருகுவது என்றதும் நினைவு வருகிறது. 2022 கடைசியில் 4090 அட்டைகளின் மின்பொருத்திகள் உருகிய படங்கள் வந்தனவே! அட்டை 450 வாட் இழுக்கும். 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 38 ஆம்பியர், அதைச் சுமப்பவை ஆறே ஊசிகள். பொருத்தி அரைகுறையாகச் செருகியிருந்தால் சூடேறும். ம. அண்ணா, 'இடைவெளி தெரியாதபடி கடைசிவரை அழுத்துக' என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல்லைப் பிறகு பார்க்கலாம்.

வே. எழுதியது:

என் அக்கா மகன் கணினியில் பார்த்ததைச் சொல்கிறேன். அதே அட்டை, ஆறு வருடப் பழைய நான்கு கருச் செயலி. பெட்டிக்குள் அட்டை நுழையவே வன்தட்டுக் கூட்டைக் கழற்றவேண்டியிருந்தது. 1080பி திரையில் அட்டையின் பயன்பாடு 55 விழுக்காட்டைத் தாண்டவில்லை. பையன் முகம் வாடிவிட்டது. கூடத்திலிருந்த 4கே தொலைக்காட்சியில் இணைத்தோம், 97! முதலில் 20.7 லட்சம் படப்புள்ளிகள், இப்போது 83 லட்சம். புள்ளி கூடினால் அட்டைக்குத்தான் வேலை கூடும். செயலியை மாற்றவில்லை. நெருக்கடிதான் செயலியிலிருந்து அட்டைக்கு இடம் மாறியது. எங்கள் வயலில் வாய்க்கால் எத்தனை அகலமானாலும் மடை விட்ட தண்ணீர்தான் பாயும். 'குறுமடை' என்று வைக்கலாமா? செயலிக் குறுமடை, அட்டைக் குறுமடை.

த. எழுதியது:

மடை என்றால் சோறும்தான். மடைப்பள்ளியை மறந்துவிட்டீர்களா? குறுமடை சிற்றுண்டியாகிவிடும். மேலும், மடையைத் திறக்கலாம் அடைக்கலாம், பழைய செயலியை அப்படிச் செய்யமுடியுமா?

செ. எழுதியது:

'குறுமடை ஆகுது' என்று எவன் வாயில் வரும்? இருந்தாலும் இடுக்கணுக்கு இது தேவலை. என் ஒப்புதல், அரை மனதோடு.

ம. எழுதியது:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தனி மடலில் வந்ததையும் சேர்த்துக் குறுமடைக்கு நான்கு, பாட்டில்நெக்குக்கு மூன்று, இடுக்கணுக்கு ஒன்று. தலைப்பில் குறுமடை, பாடத்துக்குள் முதல் இடத்தில் மட்டும் 'பாட்டில்நெக் எனும் குறுமடை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். 4கே கதையையும் எடுத்துக்கொண்டேன், வே. ஐயா பொறுத்தருள்க.

த. எழுதியது:

என் மறுப்பைப் பதிந்துகொள்ளவும். இடுக்கி அணை இருக்கும் மலையிடுக்கைப் பார்த்தவர்கள் மடையைத் தேடிப் போகமாட்டார்கள். பெயரிலேயே சான்று இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.