உபுண்டுல ரெண்டு ஃபயர்ஃபாக்ஸ் விண்டோவையும் தனித்தனி வொர்க்ஸ்பேஸ்ல நிறுத்தணும்

வணக்கம், மொரிஷியஸ் ரோஸ் ஹில்லேருந்து எழுதுறேன். திங்க்பேட் டி480, உபுண்டு 24.04 லினக்ஸ், டெஸ்க்டாப் க்னோம் 46. வொர்க்ஸ்பேஸ் (விண்டோக்களைப் பிரிச்சு வைக்கிற தனித்தனி திரை) நாலுன்னு ஃபிக்ஸ் பண்ணி வச்சிருக்கேன்: முதல்ல தமிழ் பாடம், ரெண்டாவதுல பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, மூணுல கோயில் கணக்கு, நாலுல மெயில்.

பிரச்சனை, லேப்டாப்பை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் ஒரே வொர்க்ஸ்பேஸ்ல வந்து குவியுது. சூப்பர், ஷிஃப்ட், பேஜ் டவுன் அழுத்தி ஒவ்வொண்ணா தள்ளவே காலைல கால் மணி நேரம் போகுது. புயல் காலத்துல கரண்ட் போய்ப் போய் வரும், அப்போ ஒரே நாள்ல மூணு தடவைகூட இதே வேலை, மூணு வாரமா இதோட மல்லுக்கட்டுறேன்.

ஆட்டோ மூவ் விண்டோஸ் எக்ஸ்டென்ஷன் போட்டேன், லிப்ரெஆபீஸ், தண்டர்பேர்ட் ரெண்டும் ஒழுங்கா அதது இடத்துக்குப் போயிடுது, ஆனா அது ஆப்பை வச்சுதான் பிரிக்குது, அதனால பாடத்துக்கு ஒண்ணு மொழிபெயர்ப்புக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கற ஃபயர்ஃபாக்ஸ் ரெண்டும் ஒரே இடத்துக்குப் போகுது. ஃபயர்ஃபாக்ஸ்ல தனித்தனி ப்ரொஃபைல் (தனி செட்டிங்ஸ், தனி ஹிஸ்டரி) வச்சும் அதேதான். விண்டோவை கமாண்ட் குடுத்து நகர்த்துற டபிள்யூஎம்கண்ட்ரோல் (wmctrl), உபுண்டு இப்போ திரையைக் காட்டப் பயன்படுத்துற வேலண்ட்ல வேலைக்கே ஆகல. லாகின்ல வேலண்டுக்குப் பதிலா பழைய எக்ஸார்க் (Xorg) மாத்திப் பார்த்தேன், விண்டோ திறக்கறதுக்கு முன்னாடியே அதை நகர்த்துற ஸ்கிரிப்ட் ஓடி முடிஞ்சிடுது.

வேலண்ட்லயே இருந்துகிட்டு, ரெண்டு ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைலையும் க்னோம் வேற வேற ஆப்பா எடுத்துக்க என்ன பண்ணணும்?